சுவரில் தலைகீழாக வந்த தெரு

2018 மே மாதம் எனக்கு அம்மை போட்டது. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு அம்மை வந்தால் வீட்டில் யாரும் பரிதாபப்படுவதில்லை, சிரிக்கத்தான் செய்கிறார்கள். திருச்சி உறையூரில் எங்களுடையது பழைய வீடு. தெருப் பக்கத்து அறையில் பாய் விரித்து, தலைமாட்டில் வேப்பிலை வைத்து, மர ஜன்னலின் இரண்டு கதவையும் சாத்திவிட்டு அம்மா போய்விட்டார். செல்போனையும் எடுத்துக்கொண்டார். "கண்ணு கெட்டுப்போகும், பேசாம படு."

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். எதிர்ச் சுவரின் மேல்பகுதியில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சளாக ஏதோ ஒன்று நகர்ந்தது. பல்லி என்று நினைத்தேன். மஞ்சள் பல்லி ஏது? ஜுரக் கண்ணில் என்னென்னவோ தெரியும் என்று கண்ணை மூடித் திறந்தேன். இன்னொன்று போனது. அது ஆட்டோ. சக்கரங்கள் மேலே, கூரை கீழே.

அப்புறம் ஒவ்வொன்றாகத் துலங்கியது. எதிர்வீட்டுப் பச்சைச் சுவர், அவர்களுடைய நீலக் கேட், மாடிக் கொடியில் காயும் புடவை, எல்லாமே கவிழ்ந்து கிடந்தன. புடவை தரையிலிருந்து கூரையை நோக்கித் தொங்கி, காற்றில் படபடத்தது. எங்கள் தெரு முழுக்க வண்ணத்தில், சத்தமில்லாமல், சுண்ணாம்புச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. "கீரை, முருங்கக்கீரை" என்று குரல் என் வலது பக்கமிருந்து கேட்டது. கீரைக்கார அம்மா சுவரின் இடது ஓரத்தில் தலை கீழாக, கூடை அதற்கும் கீழாக, நிதானமாக நடந்து வந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சமயபுரத்தா வந்து விளையாடுறாடா." அன்று சாயங்காலமே மாவிளக்கு நேர்ந்துகொண்டார்.

மூன்றாம் தண்ணீர் விட்ட பிறகு, புதுக்கோட்டையிலிருந்து அக்கா மகள் விடுமுறைக்கு வந்தாள். அப்போது ஒன்பதாவது முடித்திருந்தாள். சுவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஜன்னலிடம் போய், கதவில் மரக்கண் உதிர்ந்த ஒரு சின்ன ஓட்டையை விரலால் அடைத்தாள். தெரு மறைந்தது. விரலை எடுத்தாள். தெரு வந்தது. "மாமா, இது ஊசித்துளைக் கேமரா. எங்க புக்குல இருக்கு. மெழுகுவத்தி படம் போட்டு இருக்கும்."

"நீ இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

"இல்ல. படம் வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன்."

விஷயம் எளிது. ஒளி நேர்கோட்டில் போகிறது. எதிர்வீட்டு மாடியிலிருந்து வரும் ஒளி சின்ன ஓட்டை வழியே நுழைந்தால் சரிந்து சுவரின் அடிப்பகுதியில்தான் விழ முடியும். தார் ரோட்டிலிருந்து கிளம்பும் ஒளி ஏறிப்போய்ச் சுவரின் மேல்பகுதியில் விழும். இடம் வலமும் அப்படியே மாறும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம், சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சின்னத் துளை வழியே விழுவதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். நான் இதே அறையில் பத்து வருடமாகத் தூங்கி எழுந்தவன். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்திருக்க அம்மை வர வேண்டியிருந்தது.

அந்த விடுமுறை முழுக்க இருவரும் இதே வேலையாக இருந்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தினசரி காலண்டர் அட்டையில் பல அளவு ஓட்டை போட்டு ஜன்னலில் பொருத்தினோம். பென்சில் முனை நுழையும் ஓட்டையில் உருவம் கூர்மையாக இருந்தது, ஆனால் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவு போனால் நல்ல வெளிச்சம், உருவமோ மசமசவென்று ஆகிவிடும். பத்தடி ஆழமுள்ள எங்கள் அறைக்குச் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, அதாவது ஒரு சென்டிமீட்டர் சுமார், சரியாக இருந்தது. கதவிடுக்கு, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் அடைக்க வேண்டும். முக்கியமாக, இருட்டில் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். உள்ளே நுழைந்ததும் "ஒண்ணும் தெரியலையே" என்று வெளியே போனவர்கள்தான் எங்கள் வீட்டில் அதிகம். கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். சுவர் தூரமாக இருந்து படம் மங்கலாக விழுந்தால் வெள்ளை வேட்டியை நடுவில் பிடித்துப் பாருங்கள். ஓட்டைக்கு அருகே கொண்டுபோகப் போக உருவம் சிறியதாகி, பளிச்சென்று ஆகும். செல்போனில் படம் எடுப்பதானால் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது சாய்த்து வைத்து, இரவுப் படம் எடுக்கும் வசதியில் எடுங்கள்.

இதுவரை எல்லாம் சரி. அந்த டிசம்பரில் அலுவலக நண்பர் ஒருவரைப் பெருமையாக வீட்டுக்கு அழைத்து வந்து அறையை இருட்டாக்கினேன். இருபது நிமிடம் உட்கார்ந்தோம். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். மே மாதத்தில் வந்த பச்சையும் நீலமும் எங்கே போயின? நண்பர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

வெளியே வந்து தெருவைப் பார்த்தபோது பதில் எதிரிலேயே இருந்தது. எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. எதிர்வீடு வடக்குப் பார்த்தது. நண்பகல் நேரத்திலும் எதிர்வீட்டின் முன்சுவர் நிழலில் கிடந்தது, ஏனென்றால் சூரியன் அந்த வீட்டுக்குப் பின்னால், தெற்கே இருந்தது. மே மாதத்தில் அதே சுவரில் காலை முதல் மாலை வரை வெயில் அடித்ததே? அப்படியானால் மே மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருந்திருக்க வேண்டும். உச்சிவெயில் என்றால் நேராக உச்சந்தலைக்கு மேலே என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் சொன்னார்: "தை பொறந்தா சூரியன் வடக்க போவார், ஆடி பொறந்தா தெக்க திரும்புவார். இது தெரியாதா உனக்கு?" தெரியும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படித்திருக்கிறேன். எதிர்வீட்டுச் சுவரில் அதைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து மாடியில் நின்று கவனித்தால், மார்கழியில் மலைக்கோட்டைக்கு வலது பக்கம் எழும் சூரியன் ஆனியில் இடது பக்கம் எழுகிறது. இவ்வளவு பெரிய நடமாட்டத்தை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

தெற்கே இருப்பது வடக்கே போகிறது என்றால் நடுவில் ஒரு நாள் சரியாகத் தலைக்கு மேல் வந்துதானே ஆக வேண்டும்? வரும். வருடத்துக்கு இரண்டு நாள். அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்று இதைச் சொல்கிறார்கள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே வாழ்பவர்களுக்கு மட்டும் வாய்ப்பது இது; டெல்லியில் எந்த நாளிலும் சூரியன் உச்சிக்கு வராது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 தேதிகளில் தொடங்கி, மதுரையில் 15, 16, திருச்சியில் 18, சென்னையில் 24, 25 என்று வடக்கே ஏறிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது சென்னைக்கு ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, எங்களுக்கு 25ஐ ஒட்டி.

2019 ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல் நாள். விடுமுறை. காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையோடு பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடி ஏறினேன். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தேன். தரை தோசைக்கல்லாகச் சுட்டது. 12.00. நிழல் இருந்தது. குச்சிக்கு மேற்கே சின்னதாக, ஆனால் தெளிவாக. 12.03 வரை நின்றேன். கால் தாங்கவில்லை. இதெல்லாம் சும்மா கதை என்று இறங்கி வந்து மோர் குடித்தேன்.

தப்பு என்னுடையது. நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். திருச்சி அதற்கு மேற்கே கிட்டத்தட்ட நான்கு பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கு வைத்தால் நமக்கு உச்சிப்பொழுது பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் வரும். அன்று அது 12.14, 12.15 அளவில் வந்திருக்கும். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை செருப்புப் போட்டுக்கொண்டு, குச்சியை நம்பாமல் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு, 12.10க்கே போய்விட்டேன். மேகம் போய்ப் போய் வந்தது. 12.17ஐ நெருங்கும்போது வெயில் அடித்தது. தூக்குக்குண்டின் கயிற்று நிழல் சுருங்கிச் சுருங்கி, குண்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டாக உட்கார்ந்துகொண்டது. டம்ளரைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பைப், பக்கத்து வீட்டு டிவி கம்பம் எல்லாம் தரையில் ஒட்டிவைத்த படம் மாதிரி, ஒரு கனமும் இல்லாமல் நின்றன. என் நிழல் என் தோளளவில் சுருண்டு, செருப்பைச் சுற்றிக் கொட்டிய மை போல் கிடந்தது. பக்கத்து மாடியில் வடகம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "என்ன தம்பி, உச்சி வெயில்ல காலையே பாத்துட்டு நிக்கிறீங்க?" சொன்னேன். அவரும் தன் காலைப் பார்த்தார். "அட ஆமா!" என்று சத்தமாகச் சிரித்துவிட்டு, வடகத் தட்டுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

இந்த இடத்தில் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விமான நிழல் தரையில் விழாது என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்னமும் சொல்கிறோம். அக்கா மகளோடு ஒரு மார்கழி நாளில் போய்ப் பார்த்தேன். விழுகிறது. காலையிலும் மாலையிலும் முற்றத்தின் குறுக்கே நீளமாகவே விழுகிறது. ஆனால் அந்தக் கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. தஞ்சையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. கோடையில் நண்பகலில் போனால், அடி அகன்று மேலே ஒடுங்கும் அந்த விமானத்தின் நிழல் தன் காலடியிலேயே சுருண்டுவிடும். வெயிலுக்கு ஒதுங்கிய யாரோ அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். 1010இல் முடிந்த, சுமார் 60 மீட்டர் உயரக் கற்கோபுரத்துக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையே இல்லை என்பது என் கட்சி.

அதே 2019, டிசம்பர் 26. வளையச் சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் பாதை போனதால் அக்கா வீட்டுக்கு முந்தைய இரவே போய்விட்டேன். அக்காவின் மாமியார் காலை எட்டு மணிக்கு முன்பே எல்லாவற்றிலும் தர்ப்பையைப் போட்டு, ஜன்னல் கதவுகளைச் சாத்தி, தானும் உள்ளே உட்கார்ந்துகொண்டார். நானும் அக்கா மகளும் வாசல் வேப்பமரத்தடியில்.

மரநிழலில் வட்ட வட்டமாக வெயில் சிந்திக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்கும்போது அவை மட்டும் ஏன் வட்டமாக இருக்கின்றன என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொரு இடுக்கும் ஒரு ஊசித்துளை. விழுவது இடுக்கின் வடிவம் கிடையாது, சூரியனின் உருவம். ஐந்து மீட்டர் உயரத்து இடுக்கு என்றால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வட்டமாக விழும். அன்று காலை அந்த வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கடிபட்டன. தெளித்துக் கோலம் போட்ட வாசலில் நூற்றுக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. காற்றில் கிளை அசைந்தால் அத்தனையும் சேர்ந்து தளும்பின. ஒன்பதரையைத் தாண்டியதும் பிறைகளின் முனைகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டு மோதிரங்களாயின. மூன்று நிமிடம் இருக்கும். வெளிச்சம் மங்கி, வெயிலின் நிறமே வேறாகத் தெரிந்தது. அக்கா மகள் சமையலறையிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்து வந்து பிடித்தாள். அதன் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு மோதிரம் அவளுடைய வெள்ளைத் துப்பட்டாவில் விழுந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து மாமியாரின் குரல். "ஏய், இங்க வாங்க, இது என்னது?" ஓடினோம். நாட்டு ஓட்டில் ஒரு விரிசல். அதன் வழியே, சாத்திய கதவையெல்லாம் தாண்டி, அடுப்படித் தரையில் ஒரு மோதிரம் விழுந்திருந்தது. அதைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

கிரகணம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் இரண்டும் கண்ணைக் காப்பாற்றாது. கரண்டியையோ மரத்தையோ நம்பித் தரையைப் பாருங்கள், எந்த ஆபத்தும் இல்லை. தமிழ்நாட்டில் அடுத்த வளையம் 2031 மே 21, மதுரை வழியாக. இப்போதே விடுமுறை சொல்லி வைத்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஹம்பி போனேன். விட்டலர் கோயில் தேரை விட எனக்கு முக்கியமாக இருந்தது விருபாட்சர் கோயிலில் கருவறைக்குப் பின்பக்கமுள்ள ஒரு சின்ன அறை. கிழக்கே நிற்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம் அங்கே சுவரில் தலைகீழாக விழும். நிழல், நிழல் என்கிறார்கள். நிழல் தலைகீழாக விழாது, அது உருவம். காலை நேரம், வெளிறிய வானத்துண்டு ஒன்று சுவரில், அதன் நடுவே கறுப்பாகக் கவிழ்ந்த கோபுரம். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், செல்போனை நீட்டினார்கள், அரை நிமிடத்தில் போனார்கள். வழிகாட்டி ஒருவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் "விஞ்ஞானிகளுக்கே புரியாத ரகசியம்" என்று அரைகுறைத் தமிழில், தெலுங்கில், ஹிந்தியில் மாற்றி மாற்றிச் சொன்னார்.

கூட்டம் ஓய்ந்ததும் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை விரித்து, சுவருக்கு முன்னால் நாலடி தள்ளிப் பிடித்தேன். கோபுரம் துண்டின் மேல் ஏறியது, சின்னதாக, இன்னும் பளிச்சென்று. வழிகாட்டி பேசாமல் பார்த்தார். பிறகு துண்டின் இன்னொரு முனையை அவரே பிடித்து, முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்றேன். பதினாறு என்றார். அடுத்த கூட்டம் படியேறும் சத்தம் கேட்டதும் அவர் கேட்டது: "சார், டவல் அஞ்சு நிமிஷம் கொடுங்க." நான் வெளியே வரும்போது அந்தத் துண்டு என்னிடம் இல்லை.

போன வருடம் வீட்டைச் சீரமைத்தோம். மர ஜன்னல் உளுத்துவிட்டது, அலுமினியம் போட்டுவிடலாம் என்றார் தச்சர். எனக்கு முன்னால் அம்மா சொன்னார்: "எல்லாம் மாத்துப்பா, அந்த ஒரு கதவ மட்டும் விட்டுடு." தச்சர் ஓட்டையைக் காட்டி, மக்கு வைத்து அடைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அம்மா அவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். சித்திரை மாதம், பதினொன்றரை மணி. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்த தச்சர் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

இப்போது அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. முழங்கால் வலி, வாசலுக்குப் போவதில்லை. வெயில் காலத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அறையில்தான் சாய்ந்திருப்பார். காது முன்பு போல் கேட்பதில்லை. ஆனால் குரல் எனக்குக் கேட்பதற்கு முன்பே உள்ளேயிருந்து சொல்கிறார்:

"கீரைக்காரி தலகீழா வந்துட்டா பாரு, சில்லறை எடு."